நிழலைப் பிடித்த இரவு: அரோகோத் விண்மீன் மறைப்பு, 2017



ஹபல் தொலைநோக்கியிலேயே வெறும் ஒளிப்புள்ளியாகத் தெரியும் ஒரு பொருளின் வடிவத்தை எப்படி அளப்பீர்கள்? வழி ஒன்று உண்டு. அதன் நிழலைப் பிடிக்க வேண்டும்.

விண்மீன் மறைப்பு என்றால் என்ன?

சூரியக் குடும்பத்துப் பொருள் ஒன்று தொலைதூர விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீனின் ஒளி சில கணங்கள் மறையும். விண்மீன் வெகு தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வருகின்றன. ஆகவே, பூமியில் விழும் நிழலும் ஏறக்குறைய அந்தப் பொருளின் அளவிலேயே இருக்கும். நிழல் விநாடிக்கு 20 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் ஒளி 1 விநாடி மறைந்தால், அங்கே பொருளின் குறுக்களவு 20 கிலோமீட்டர். கணக்கு அவ்வளவுதான்!

இந்த முறை புதிதல்ல. 1977 மார்ச் 10-இல் யுரேனஸின் வளையங்கள் இப்படித்தான் தெரியவந்தன. தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்திலும் அன்று அந்த மறைப்பு பதிவானது.

ஏன் இந்த அவசரம்?

2015-இல் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், அடுத்து 2014 எம்.யு.69 என்ற சிறிய பொருளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது சூரியனிலிருந்து சுமார் 6.5 பில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மணிக்கு 50,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும் விண்கலம் நின்று திரும்பிப் பார்க்க முடியாது. வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான். பொருள் சரியாக எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, சுற்றிலும் ஆபத்தான துகள்கள் உண்டா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

வெறுங்கையோடு திரும்பிய இரவு

2017-இல் மூன்று மறைப்புகள் வந்தன. ஜூன் 3-இல் தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் குழுக்கள் தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தன. ஒன்றில்கூட விண்மீன் மறையவில்லை.

தோல்விதானே என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் பாடம் இருக்கிறது. நிழல் அந்த வலையில் சிக்கவில்லை என்றால், பொருள் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கலாம். சிறியதாக இருந்தும் அதே அளவு பிரகாசமாகத் தெரிகிறது என்றால், அதன் மேற்பரப்பு நினைத்த அளவு கருமையாக இராது. எதுவும் பதிவாகாத இரவும் ஒரு சான்றைத் தந்தது.

ஜூலை 10-இல், பசிபிக் பெருங்கடலுக்கு மேலே, சோஃபியா என்ற விமானத் தொலைநோக்கி அடுத்த நிழலைத் துரத்தியது.

கொமொடோரோ ரிவடாவியா, ஜூலை 17

மூன்றாவது வாய்ப்பு அர்ஜென்டினாவின் படகோனியாவில். மார்க் பூயி தலைமையிலான குழு 24 தொலைநோக்கிகளை நிறுத்தியது. குளிர்காலம், காற்றோ பலமாக வீசும் ஊர். தொலைநோக்கி கொஞ்சம் ஆடினாலும் எல்லாம் வீண். ஊர்மக்கள் கைகொடுத்தார்கள். தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. வாகன விளக்கொளி படாமலிருக்க முக்கிய நெடுஞ்சாலை இரண்டு மணி நேரம் மூடப்பட்டது. காற்றைத் தடுக்க லாரிகள் குறுக்கே நிறுத்தப்பட்டன.

இத்தனையும் அதிகபட்சம் இரண்டு விநாடி நீடிக்கும் ஒரு நிழலுக்காக!

ஐந்து தொலைநோக்கிகளில் விண்மீன் மறைந்தது. அந்த ஐந்து கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தார்கள். உருண்டை வடிவம் வரவில்லை. ஒன்று, நீண்ட பொருளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய அல்லது நெருங்கிச் சுற்றும் இரண்டு பொருள்களாக இருக்க வேண்டும் என்றார்கள்.

2019 ஜனவரி 1-இல் விண்கலம் சுமார் 3,500 கிலோமீட்டர் அருகில் கடந்து படம் எடுத்தது. இரண்டு பகுதிகள் ஒட்டிய, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமான உருவம்! நிழல் பொய் சொல்லவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அதற்கு அரோகோத் என்று பெயர் சூட்டினார்கள். அமெரிக்கப் பூர்வகுடியினரான பவ்ஹாட்டன் மக்களின் மொழியில் அதற்கு ‘வானம்’ என்று பொருள்.

மாணவர்களுக்கு

இதைக் கட்டுரையாக எழுதும்போது ஜூலை 17-இன் வெற்றியை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். ஜூன் 3-ஐயும் சேர்த்து எழுதுங்கள். நோக்கம், முயற்சி, தோல்வி தந்த சான்று, மறுமுயற்சி, விளைவு என்று வரிசைப்படுத்தினால் கட்டுரை தானாகவே அமைந்துவிடும். ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு டார்ச் லைட்டையும் வெட்டிய அட்டையையும் வைத்து இதைச் செய்து காட்டலாம். அட்டையை மறைத்துவிட்டு நிழலை மட்டும் காட்டுங்கள். வடிவத்தை மாணவர்களே சொல்லட்டும்.