ஊறவைத்தவள் பெயர்

2024 சனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பட்டர் சிக்கனை முதலில் சமைத்தவர் யார் என்பதே அதன் கேள்வி. மோத்தி மகால், தரியாகஞ்ச் என்ற இரண்டு உணவக நிறுவனங்கள் தத்தம் குடும்பத்து ஆண் முன்னோரின் பெயரைச் சொல்லி மோதின. நம் பக்கத்தில் சிக்கன் 65 என்றால் சென்னை புகாரி ஓட்டலையும் 1965ஐயும் சேர்த்தே சொல்கிறோம். கோழிக்கறி கடைக்குப் போனதும் அதற்கு ஓர் ஆண்டும் ஓர் உரிமையாளரும் கிடைத்துவிடுகிறார்கள். வீட்டில் எலுமிச்சை பிழிந்து, தழை அரைத்து, கறியைப் பிசறி ஊறவைத்த பெண்ணுக்கு எந்த ஏட்டில் இடம் இருக்கிறது?

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்பிவைக்கும் பாட்டு அது. வழியில் மருதநிலத்து ஊரில் வெண்ணெல் சோற்றோடு கோழி வாட்டும் கிடைக்கும் என்கிறது. அங்கே கோழியைக் குறிக்கும் சொல் 'அளகு'. பெட்டைக்கோழி என்பது பொருள். அதுவும் வீட்டில் வாழும் பெட்டைக்கோழி. நெல்லைத் தந்தவர்கள் சோம்பல் அறியாத உழவர்கள் என்று புலவர் பாராட்டுகிறார். கோழியை வாட்டியவர் யார் என்று சொல்லவில்லை. அதே பாட்டில் அந்தணர் வீட்டுச் சமையல் வருமிடத்தில் நிலைமை வேறு. வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சு, மிளகுப்பொடி, கறிவேப்பிலை, மாவடு ஊறுகாய் எல்லாம் வரிசையாக வருகின்றன; பதம் அறிந்து சமைத்தவள் வளையணிந்த பெண் என்றும் வருகிறது. புளிப்பும் தழையும் காரமும் சேரும் நுட்பம் நமக்கு எவ்வளவு பழையது என்பதற்கு இந்த இடம் சான்று. கறி சமைத்தவளுக்கு அந்த ஒரு வளைகூடக் கிடைக்கவில்லை என்பதற்கும் இதே பாட்டுதான் சான்று.

'வாட்டு' என்ற சொல் கொங்குநாட்டில் இன்றும் சாகவில்லை. நாட்டுக்கோழியின் இறகைப் பிடுங்கி, மஞ்சள் பூசி, தீயில் வாட்டியெடுத்த பிறகுதான் அரிவாள்மணைக்குப் போகும். என் அம்மிச்சிக்கு அந்தக் கோழி கறி மட்டுமல்ல. அடைவைத்தது, பஞ்சாரத்தில் அடைத்தது, பருந்து தூக்காமல் பார்த்துக்கொண்டது எல்லாம் அவர்தான். ஆகவே முட்டைக்காசும் அவருடையது. தோட்டத்து வரவுசெலவில் அவருக்குப் பேச்சில்லை. சுருக்குப்பையில் இருந்த அந்தக் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

பிறகு பிராய்லர் வந்தது. உடுமலைப்பேட்டையில் 1984இல் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களில் ஒப்பந்தப் பண்ணை முறையைப் பரப்பியது. பல்லடமும் உடுமலையும் கறிக்கோழிக்குப் பெயர்போன ஊர்களாயின. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. நாட்டுக்கோழி கறிக்குத் தயாராக ஐந்தாறு மாதம் ஆகும். பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். ஆனால் கொட்டகைக்கு நிலம் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் வசம் இருந்த நில உடைமைகள் சுமார் 14 விழுக்காடுதான். நிலம் யார் பெயரிலோ ஒப்பந்தமும் பணமும் அவர் பெயரில். தீவனம் போடவும் தண்ணீர் வைக்கவும் பெண் அதே கொட்டகைக்குள் போகிறாள், சுருக்குப்பை இல்லாமல்.

நான் வாழும் துடியலூரில் விருந்தீசுவரர் கோயில் இருக்கிறது. சிவனும் பார்வதியும் வேடர் உருவில் வந்து சுந்தரருக்கு விருந்திட்டார்கள் என்பது தலக்கதை. விருந்து இருவரும் இட்டது, பெயர் ஈசுவரருக்கு. மேட்டுப்பாளையம் சாலையில் மாலையானால் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோழிகள் சுழல்கின்றன. தீயருகே நிற்பவர்கள் ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கரி மூட்டுபவரும் பெரும்பாலும் ஆண்தான். "அண்ணன் கிரில் போட்டார்" என்று பாராட்டும் அவருக்கே. சுவை தீயில் வரும் முன்பே கறிக்குள் ஏறிவிட்டது என்பது அடுப்படிக்குத் தெரியும்.

சமையலறிவு அச்சேறியபோதும் இந்த ஓரவஞ்சனை தொடர்ந்தது. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஒரு பெண்ணின் கையறிவுக்கு அளவும் எழுத்தும் தந்தது. அது சைவச் சமையல் நூல். கறி சமைத்த பெண்களின் அறிவு கையோடு கையாக வந்தது, கையோடு போய்க்கொண்டும் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டு முறையை இங்கே அளவோடு எழுதுகிறேன்.

ஒரு கிலோ கோழிக்கு இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு விரல்நீளம், பச்சைமிளகாய் நான்கு, மிளகு ஒரு தேக்கரண்டி. தண்ணீர் விடாமல் அரைத்து, மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு கரண்டி கடலை எண்ணெய் சேர்த்துப் பிசற வேண்டும். கறியில் ஆழமாகக் கீறல் போடுவது அவசியம். எலுமிச்சைப் புளிப்பு மேல்தசையைத் தாண்டி அதிகம் இறங்காது. உள்ளே போவது உப்புதான். இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறினால் மேல்கறி வெளுத்துச் சக்கையாகிவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டியோ கண்ணாடியோ நல்லது. தணல் சாம்பல் பூத்த பிறகே கறியை வைக்க வேண்டும், தழல் எரியும்போது வைத்தால் தழை கருகிக் கசக்கும்.

அம்மிச்சி புளிப்பு அமிலம் என்று சொல்லிக் கேட்டதில்லை. "ரொம்ப நேரம் வெக்காத கண்ணு, கறி செத்துப்போகும்" என்பார். சோதித்துப் பார்த்து அடைந்த முடிவு அது. மாணவியரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் ஊறவைக்கிறவரிடம் அளவையும் நேரத்தையும் காரணத்தையும் கேட்டு எழுதுங்கள். அடியில் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மறக்காமல் போடுங்கள்.