பேனா நட்பு: பினாங்கு

நேரில் பார்த்திராத இருவர், பெரும்பாலும் வெவ்வேறு நாட்டுப் பள்ளி மாணவர்கள், கடிதம் வழியாகவே வளர்த்துக்கொள்ளும் உறவு பேனா நட்பு. மலாய் மொழியில் ‘சஹாபாட் பேனா’ என்பார்கள்.

பினாங்கை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1877 ஏப்ரல் 1 அன்று அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தன. அதன்பின் இங்கு ஒட்டிய தபால்தலை ஒன்றே கடிதத்தை உறுப்பு நாடுகளெங்கும் கொண்டுசேர்த்தது. அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பால் மியேய் என்ற பிரெஞ்சு ஆசிரியர், பிரான்ஸ், இங்கிலாந்து மாணவர்களை ஒருவருக்கொருவர் எழுத வைத்தார். இதழாசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட் அதற்குத் தம் இதழில் இடம் தந்தார். அயல்மொழியைப் பிழையின்றி எழுதப் பழக வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

பினாங்கில் நடந்தது வேறு. சையத் ஷேக் அல்-ஹாடி 1928இல் இங்கே தொடங்கிய ‘சௌடாரா’ என்ற மலாய் இதழ், 1934இல் பேனா நண்பர் பகுதி ஒன்றைத் திறந்தது. முதலில் அது சிறுவர்களுக்கானது. வாசகர்கள் பெயரும் முகவரியும் அனுப்ப, அறிமுகமில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். விரைவில் பெரியவர்களும் ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தைப்பிங்கில் கூடி, ‘மலாயா பேனா நண்பர் சகோதரத்துவம்’ என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அதன் மலாய்ப் பெயரின் சுருக்கம் ‘பாஸ்பாம்’. சில ஆண்டுகளில் உறுப்பினர் தொகை பத்தாயிரத்தைக் கடந்தது. அரசியல் பேசுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டு, தாய்மொழி வளர்ச்சியையே குறிக்கோளாகக் கொண்டது. மலாயா அப்போது பல ஆட்சிகளாகப் பிரிந்து கிடந்தது. கெடா மாணவனுக்கு ஜொகூர் வெளியூர்தான். அந்த எல்லைகளைத் தாண்டி மலாய்க்காரர்களை ஒன்றாகச் சேர்த்த முதல் அமைப்பு ஒரு சிறுவர் பகுதியிலிருந்து பிறந்தது என்பது, இந்தத் தீவின் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அந்த அமைப்பு ஓய்ந்தது.

வான்வழி அஞ்சலும் அதே பத்தாண்டில்தான் வந்தது. இன்றைய பாயான் பாருவுக்குத் தெற்கே, பாயான் லெப்பாஸ் விமானத் திடல் 1935இல் திறக்கப்பட்டது. பினாங்கிலிருந்து புறப்பட்ட ‘டொராடோ’ என்ற இம்பீரியல் ஏர்வேஸ் விமானம், ஒரே ஒரு பயணியையும் அஞ்சல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு 1936 மார்ச் 24 அன்று ஹாங்காங்கில் இறங்கியது.

தமிழ்ப் பிள்ளைகளின் கடிதங்களுக்குக் கப்பல்தான் வழி. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜுலா’, நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்தது. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியால் மலாயா, சிங்கப்பூர் மாணவர்களை எழுத வைத்தது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைக்கும் அதன்பின் தமிழில் எழுத ஒரு காரணம் வேண்டியிருந்தது. பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவரைவிட நல்ல காரணம் வேறில்லை. ஐரோப்பியச் சிறுவன் பிறமொழி கற்க எழுதினான். இங்குள்ளவர்கள் தம் மொழி கைவிட்டுப் போகாதிருக்க எழுதினார்கள்.

ஆங்கிலம் அறிந்த மாணவர்கள் உலகெங்கும் நண்பர் தேடினார்கள். 1952இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் தொடங்கிய அனைத்துலக இளைஞர் சேவை, 2008இல் மூடப்படும்வரை பல நாட்டு இளையோரை இணைத்துவந்தது. அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் இளையோர் கடிதப் போட்டி நடத்துகிறது.

இப்போது பிள்ளையின் வீட்டு முகவரியை இதழில் அச்சிடுவது பாதுகாப்பல்ல. பரிமாற்றம் ஆசிரியர் மேற்பார்வையில், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே, பெரும்பாலும் இணையத்தில் நடக்கிறது. பழைய இதழ்களை நூலகங்களில் தேடிப் படிக்கலாம். கடிதங்கள் அப்படியல்ல, அவை வீட்டு அலமாரிகளில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அந்த டின்தான்.