படத்தின் பின்பக்கம்

பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தால் நாம் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். முதலில் படத்தைப் பார்ப்போம். உடனே அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்போம். யார் இவர், எந்த ஊர், எந்த வருடம் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடுவோம். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் சற்று ஏமாற்றமாக இருக்கும்.

அப்படிப் பின்பக்கத்தில் எழுதுவதையே சம்பளத்துக்குச் செய்த ஓர் இளைஞர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் ஜான் வாஷோன். 1936ல் அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் 'அசிஸ்டென்ட் மெசஞ்சர்'. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பியூனுக்கும் உதவியாள்!

அந்த அலுவலகம் எதற்காக உருவானது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1929ல் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் பிடித்தது. அது போதாதென்று நடுப்பகுதிச் சமவெளிகளில் மழை பொய்த்து, மண் காய்ந்து, புழுதிப் புயல்கள் வீசின. நிலத்தை இழந்த விவசாயிகள் தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய கார்களில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா பக்கம் கிளம்பினார்கள். இவர்களுக்கு உதவுவதற்காக 1935ல் அதிபர் ரூஸ்வெல்ட் அரசு மறுகுடியமர்வு நிர்வாகம் என்ற துறையைத் தொடங்கியது. 1937ல் இது விவசாயப் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர் மாறியது.

ஏழை விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கத்தானே செய்யும்? நகரத்து மக்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கிராமத்தின் நிலைமையைக் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது. அதற்காகத் துறைக்குள் ஒரு புகைப்படப் பிரிவு அமைந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த ராய் ஸ்ட்ரைக்கர் அதற்குத் தலைவரானார். இவர் புகைப்படக்காரர் இல்லை என்பது ஒரு வேடிக்கை. ஆனால் யாரை எங்கே அனுப்ப வேண்டும், எதைப் படம் எடுத்து வரச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாக்கர் எவன்ஸ், டோரதியா லாங், ஆர்தர் ராத்ஸ்டைன், பென் ஷான் என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர்கள் எல்லாம் அவரிடம் வேலை பார்த்தவர்கள்தான்.

வாஷோன் 1914ல் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். மேல்படிப்பில் ஆங்கில இலக்கியம் படிக்க வாஷிங்டனுக்கு வந்தார். படிப்பு தொடரவில்லை. வேலை வேண்டும். கிடைத்தது இந்த வேலை. புகைப்படக் கலையைப் பற்றி அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

வேலை என்னவென்றால், புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றி எடுத்த படங்கள் பிரதி எடுக்கப்பட்டு வரும். எட்டுக்குப் பத்து அங்குலப் படங்கள். எடுத்தவர் தந்த குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றின் பின்னாலும் விவரத்தை எழுத வேண்டும். பிறகு அதைக் கோப்பில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த படம். அதற்கடுத்த படம். ஷேக்ஸ்பியர் காலத்துக் கவிதைகளைப் படிக்க வந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்ட்ரைக்கர் அவருக்குச் சொன்ன யோசனை எளிமையானது. எழுதும்போது படத்தின் முன்பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாமே என்பதுதான் அது. வாஷோனும் பார்க்க ஆரம்பித்தார். நாள் முழுக்க அந்தப் படங்களையே கையாண்டதில், எது யார் எடுத்தது, ஒருவர் பார்வை இன்னொருவர் பார்வையிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதெல்லாம் பிடிபட ஆரம்பித்தது. சிறிது காலத்தில் கோப்பைப் பராமரிக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது. ஓர் ஆவணக் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்புக் கட்டுரையும் எழுதினார்.

1937ல் தானும் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பென் ஷான் ஊக்கம் கொடுத்தார். கையில் அடங்கும் லைக்கா கேமராவோடு வாஷிங்டன் தெருக்களில் சுற்றினார். வாக்கர் எவன்ஸோ அதிலெல்லாம் திருப்தி அடைகிறவர் இல்லை. முக்காலியில் நிறுத்தி எடுக்கும் பெரிய கேமராவைப் பழகச் சொன்னார். கல்லூரிக்குப் போகாமலே இத்தனை பெரிய ஆசிரியர்கள் கிடைத்தது அந்தக் கடைநிலை வேலையால்தான்.

1938ல் அட்லாண்டா நகருக்குப் போன வாஷோன் செய்த காரியம் சுவாரசியமானது. அந்த ஊரில் விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் நிற்கும் வீடுகளை எவன்ஸ் 1936ல் படம் எடுத்திருந்தார். அந்தப் படம் கோப்பில் இருந்தே வாஷோனுக்கு மனப்பாடம். ஊர் முழுக்க நடந்து அதே வீடுகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தானும் படம் எடுத்தார். புதையல் கிடைத்ததுபோல மகிழ்ந்தார். தனக்கென்று ஒரு கண் அவருக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

அது வந்தது அதே ஆண்டின் இறுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில். தனியாகப் போன அந்தப் பயணத்தில் ஒரு காலை, சரக்கு ரயில் பெட்டிக்குப் பின்னால் வெயிலில் ஓங்கி நின்ற தானியக் கிடங்கின் சிமெண்ட் தூண்களைப் படம் எடுத்தார். அது எவன்ஸ் எடுக்கும் படம் இல்லை, தன்னுடைய படம் என்பது அப்போது உறைத்தது என்று பின்னாளில் எழுதினார்.

எழுத்தரின் வெற்றிக் கதையோடு இதை முடித்துவிடலாம். ஆனால் அவர் விட்டு வந்த அந்த மேஜையின் கதை முடியவில்லை.

அந்தக் கோப்பின் மிகப் புகழ்பெற்ற படம் 'புலம்பெயர்ந்த தாய்'. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் எடுத்தது. கவலை தோய்ந்த முகத்தோடு ஒரு பெண், தோளில் சாய்ந்த குழந்தைகள். படத்துக்கான குறிப்பில் அவருடைய வயது 32 என்றும், ஏழு குழந்தைகளின் தாய் என்றும் இருந்தது. பெயர் இல்லை. லாங் கேட்கவே இல்லை. உலகமே அறிந்த அந்த முகத்துக்கு ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று ஒரு பெயர் இருந்தது என்பது 1978ல்தான் வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பூர்வகுடிப் பெண் என்பதும் குறிப்பில் இல்லை. காரின் டயரை விற்று உணவு வாங்கினார்கள் என்று லாங் எழுதியதை அவருடைய குடும்பத்தார் மறுத்தார்கள். ஆனால் அதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதில் எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. தன்னிடம் வந்த குறிப்பைத்தானே அவர் எழுத முடியும்? களத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை அலுவலகத்து மேஜையில் யாராலும் சரி செய்ய முடியவில்லை.

இன்னொரு கொடுமையும் நடந்தது. ஸ்ட்ரைக்கருக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் துளை போட்டுவிடுவார்கள். அந்தப் படத்தை இனி யாரும் பிரதி எடுக்கக் கூடாது என்று அர்த்தம். புகைப்படக்காரர்கள் எதிர்த்தார்கள். 1930களின் இறுதியில் இந்தப் பழக்கம் கைவிடப்பட்டது.

1942ல் இந்தப் பிரிவு போர்த் தகவல் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. போர்க் காலத்தில் கோப்பு சிதறிப்போய்விடுமோ என்ற பயம் ஸ்ட்ரைக்கருக்கு இருந்தது. பால் வாண்டர்பில்ட் என்பவர் வந்து படங்களை வட்டாரம், பொருள் என்று பிரித்து ஒழுங்குபடுத்தினார். 1944ல் மொத்தமும் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், சுமார் 1,07,000 பிரதிகள், 1,600க்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள். இன்று இவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

வாஷோன் பிறகு 'லுக்' பத்திரிகையில் சேர்ந்து, 1971ல் அது நிற்கும்வரை புகைப்படக்காரராக இருந்தார். 1975ல் காலமானார்.

இன்றைக்கு அந்தத் தொகுப்பில் 'ஒமாஹா' என்று தட்டித் தேடினால் அவருடைய படங்கள் வந்து நிற்கும். தேடும் கணினிக்குத் தானியக் கிடங்கும் தெரியாது, வெயிலும் தெரியாது. அது படிப்பது படத்தோடு சேர்த்து எழுதப்பட்ட நாலு வார்த்தைகளைத்தான். பிரதி எடுக்கப்படாத நெகட்டிவ்களுக்கு அந்த நாலு வார்த்தைகளும் இல்லை. துளை விழுந்தவையும் அவற்றில் சேர்ந்தவைதான். 'தலைப்பில்லாத படம், இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்று பக்கத்துப் படத்தைச் சாட்சிக்கு வைத்து நூலகம் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது.

அந்தப் படங்களிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். யார் என்றுதான் தெரியவில்லை.