வான்கோழி வந்த வழி

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகை. அங்கே இருக்கும் என் மகன் வீட்டில் இந்த வருடம் ஒரு முழு வான்கோழியைச் சுட்டிருந்தார்கள். பேரன் வீடியோ காலில் காட்டினான். வயிற்றுக்குள் ரொட்டித் துண்டும் வெங்காயமும் அடைத்து, மேல்தோல் பழுப்பேறி மினுமினுக்க, தாம்பாளம் அளவு தட்டில் அது காலை மடக்கிப் படுத்திருந்தது. “தாத்தா, உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாதுல்ல?” என்று கேட்டான்.

“இருக்குதுடா கண்ணு. அறுபது வருஷத்துக்கு முன்னாடியே திண்டிவனத்துல பார்த்தாச்சு” என்றேன். அவன் நம்பவில்லை. போனில் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

1963ஆம் வருடம். எனக்குப் பதினோரு வயது. நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மணிலாக் கொட்டை மண்டியில் எடை போடும் வேலை. அம்மா நாலைந்து கோழி வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்விட்டு வந்தவர். புதுச்சேரிப் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். நாங்கள் அவரைச் சொல்தா தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். கிறிஸ்தவர். பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் மார்ச் மாதம் அவர் ஆறு பெரிய முட்டைகளைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். “அடைக்கு வை தாயி. பொரிச்சதுல ஒண்ண கிறிஸ்துமஸுக்கு நானே வாங்கிக்கிறேன்” என்றார். கோழிமுட்டை 21 நாளில் பொரியும். வான்கோழி முட்டைக்கு 28 நாள் வேண்டும். 21 நாள் ஆனதும் அடைக்கோழி எழுந்துவிடுமோ என்று அம்மாவுக்குக் கவலை. கூடைக்கு மேல் சாக்கைப் போட்டு அதை உட்கார வைத்தார். நான்கு பொரித்தன. பொரித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி எடுக்கத் தெரியாது. முன்னால் நொய் கிடந்தாலும் சும்மா நிற்கும். சொல்தா தாத்தா சொன்னபடி, கொத்தித் தின்னத் தெரிந்த ஒரு கோழிக்குஞ்சை அம்மா கூட விட்டார். அதைப் பார்த்து இவை கற்றுக்கொண்டன. வேகவைத்த முட்டையை உதிர்த்துப் போட்டார். கால்நடைத் துறைக்காரர்கள் இன்றைக்கும் வான்கோழி வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தும் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. சேவல்.

ஐப்பசி மாதத்துக்குள் அது பெரிய ஆளாகிவிட்டது. வாசலில் யாராவது வந்தால் போதும், இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, வாலை விசிறி மாதிரி விரித்து, ‘களகள’ என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றி வரும். தலையும் கழுத்தும் ஒரு நேரம் சிவப்பு, ஒரு நேரம் நீலம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போதுதான் இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் பாடத்தை மனப்பாடமாக எழுந்து நின்று சொன்னேன். உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆசிரியர் சிரித்துவிட்டு, மூதுரையில் வரும் அந்த வான்கோழிப் பாட்டைச் சொன்னார். மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆடப்போன வான்கோழி. படிக்காதவன் பாட்டுச் சொல்வதற்கு ஔவையார் காட்டிய உவமை. வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் வான்கோழி இருப்பது பாதிப் பையன்களுக்குத் தெரியும். அன்றையிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். அது வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கல்லை எடுத்து வீசினேன். அம்மா பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

“மயிலு மயிலத்துல மலை மேல கீறாரே முருகரு, அவருகிட்ட இருக்குது. இது நம்ம வாசல விட்டு நகந்ததே இல்ல. மயில எங்கடா பாத்துச்சு? அது பாட்டுக்கு அது ஆடுது.”

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் சொல்தா தாத்தா வந்தார். அப்பா அதை மண்டிக்குத் தூக்கிப்போய் எடை போட்டார். அப்போது ராத்தல், வீசை எல்லாம் போய் கிலோ படிக்கல் வந்திருந்த புதிது. ஆறு கிலோவுக்கு மேல் இருந்தது. பதினெட்டு ரூபாய் கொடுத்தார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், நவம்பர் 19ஆம் தேதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு வான்கோழியைப் பரிசாகக் கொடுத்தார்களாம்; அவர் அதைக் கொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். மூன்றாம் நாள் அவரையே சுட்டுவிட்டார்கள். இது பின்னாளில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் நானும் கேட்டுப் பார்த்திருப்பேன். எங்களுக்குப் பதினெட்டு ரூபாய் பெரிய பணம் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

சொல்தா தாத்தா வீட்டுக்கு அந்த வாரம் புதுச்சேரியிலிருந்து ஒரு குசினிக்காரர் வந்திருந்தார். பிரெஞ்சுக்காரர் வீடுகளில் சமைத்தவர். 23ஆம் தேதி சாயந்திரம், அறுப்பதற்கு முன்னால், மருந்து பாட்டிலில் இருந்து பிராந்தி எடுத்து ஒரு கரண்டி அதன் வாயில் ஊற்றினார். கறி மெதுவாக இருக்குமாம். மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருந்த காலம் அது. எல்லை தாண்டிப் புதுச்சேரி போனால் எதுவும் கிடைக்கும். பிராந்தி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் அதற்குமேல் நிற்காமல் ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா சுத்துவேலைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். இரவு முழுக்க உப்புத் தடவி வைத்திருந்தார்கள். வயிற்றுக்குள் அடைப்பதற்கு ஈரலையும் இரைப்பையையும் பொடியாகக் கொத்தி, வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, பாலில் ஊறிய ரொட்டி, மிளகு, புதினா சேர்த்தார் குசினிக்காரர். பிரான்ஸில் இதற்குள் ‘மரோன்’ என்று ஒரு கொட்டையை வைப்பார்களாம். நம் ஊரில் அது ஏது? “இங்க மல்லாட்டைதான் மரோன்” என்று சொல்லி, வேகவைத்த மல்லாட்டைப் பயிரையும், உருளைக்கிழங்கையும், பண்ருட்டி முந்திரியையும் அள்ளிப்போட்டார். அமுக்கி அடைக்கவில்லை. சூட்டில் உப்பும், இறுக்கமாக இருந்தால் உள்ளே வேகாது என்றார். கோணி ஊசியால் வயிற்றைத் தைத்தார். தொடை இரண்டையும் நூலால் கட்டினார். வீட்டு அடுப்பு எதிலும் அது நுழையாது. ரொட்டிக் கடையில் சாயந்திரச் சூளை முடிந்ததும் அந்த விறகு அடுப்பில் வைத்து, நாலு மணி நேரம், அரைமணிக்கு ஒருதரம் வெளியே இழுத்து வெண்ணெய் தடவினார்கள். நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து சாப்பிடுவதற்கு. பிரெஞ்சுக்காரர்கள் அந்த ராத்திரிச் சாப்பாட்டை ‘ரெவெய்யோன்’ என்பார்கள்.

காலையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. கறியை நானும் அம்மாவும் தொடவில்லை. வயிற்றுக்குள் வைத்திருந்த மல்லாட்டையும் உருளைக்கிழங்கும் மட்டும் தின்றேன். ருசியாக இருந்தது. அதற்காக வெட்கப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பதினெட்டு ரூபாயில் அப்பா எனக்கு ஒரு லிப்கோ டிக்ஷனரி வாங்கிக் கொடுத்தார். நான் முதலில் தேடிய சொல் வான்கோழிக்கு இங்கிலீஷில் என்ன என்பதுதான். டர்க்கி. அதே சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் துருக்கி தேசம். ஒரு பறவைக்கு ஏன் தேசத்தின் பெயர்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு முப்பது வருடம் ஆனது.

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோவில் சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கிருந்து வந்தது என்று அங்கே பலருக்குத் தெரியவில்லை. துருக்கி வியாபாரிகள் வழியாக வந்த கினிக்கோழிக்கு ஏற்கெனவே இருந்த பெயரை இங்கிலீஷ்காரர்கள் இதற்கும் வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்ற பொருளில் ‘தேந்த்’ என்றார்கள். துருக்கியர்களே அதை ‘ஹிந்தி’ என்கிறார்கள். டச்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘கல்கூன்’. நம் கள்ளிக்கோட்டையின் பெயரிலிருந்து வந்தது! அந்தச் சொல்தான் சிங்களத்தில் ‘களுக்கும்’ ஆகியிருக்கிறது. போர்த்துகீசியர்கள் ‘பெரு’ என்றார்கள். ஆளாளுக்கு ஒரு ஊரைச் சொன்னார்கள். மெக்சிகோவை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இந்தியாவில் இந்தப் பறவை பற்றிய பெயர்பெற்ற பழைய பதிவு 1612ஆம் வருடத்தது. ஜஹாங்கீர் பாதுஷாவின் அதிகாரி முகர்ரப் கான் கோவாவுக்குப் போய், அபூர்வமான பொருள்களோடு ஒரு வான்கோழியையும் கொண்டுவந்தார். ஜஹாங்கீருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மயிலை விடச் சிறியது, பெட்டை மயிலை விடப் பெரியது என்று அளவு எழுதினார். தலையும் கழுத்தும் பவளம் போலச் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு நீலமாகி, பச்சோந்தி போல நிறம் மாறுவதை எழுதினார். மயிலைப் போலவே தோகை விரித்து ஆடுகிறது என்றும் எழுதினார். கேலியாக அல்ல. வியந்து எழுதினார். உஸ்தாத் மன்சூர் என்ற தன் ஓவியரைக் கொண்டு அதை வரையவும் சொன்னார். அந்தப் படம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் அதைப் பார்த்தபோது எங்கள் வாசல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூதுரை பாடிய ஔவையார் 12ஆம் நூற்றாண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிந்தியவர் என்பவர்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டு என்றால் அவர் அமெரிக்க வான்கோழியைப் பார்த்திருக்க முடியாது. அப்படியானால் ‘வான்கோழி’ என்பது அன்றைக்கு வேறு ஏதோ ஒரு பறவையின் பெயர். கப்பலில் புதிய பறவை வந்தபோது பழைய பெயர் இதன் தலையில் ஏறியிருக்க வேண்டும். இங்கிலீஷில் கினிக்கோழியின் பெயர் ஏறியது போல. இல்லையென்றால் அந்தப் பாட்டு, பறவை வந்த பிறகு எழுதப்பட்டது. இரண்டில் எது சரி என்று தமிழ்ப் புலவர்கள் சொல்லட்டும். எனக்கு முதலாவதுதான் மனதுக்குப் படுகிறது. அப்படியென்றால் எங்கள் வீட்டுச் சேவல் தனக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கில் குற்றவாளியாக நின்றிருக்கிறது. என்னோடு சேர்த்து.

குசினிக்காரர் உள்ளே அடைத்ததையும் யோசித்துப் பாருங்கள். மல்லாட்டை, மணிலாக் கொட்டை என்பதன் நம் ஊர்ச் சுருக்கம். மணிலா வழியாக வந்ததாக நினைத்து வைத்த பெயர். அதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய்ல்ஸ் நகருக்குக் கப்பல் கப்பலாக எண்ணெய் ஆட்டப் போயிருக்கிறது. பிறகு திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல ரகங்களை எடுத்தார்கள். 1940இல் வந்த டி.எம்.வி. 2 ரகத்தில் உள்ள டி.எம்.வி. நம் திண்டிவனம்தான். முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கும் அந்தக் கண்டத்ததே. அன்றைக்கு அந்தப் பறவையின் வயிற்றில் இருந்ததில் பாதி அதன் சொந்த ஊர்க்காரர்கள். எல்லாரும் வெவ்வேறு கப்பலில் வந்து திண்டிவனத்தில் சந்தித்திருக்கிறார்கள்.

1973இல் நான் ரயில்வேயில் சேர்ந்து, விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் உட்கார்ந்தேன். மீட்டர் கேஜ் காலம். மதராஸிலிருந்து வரும் எலெக்ட்ரிக் இன்ஜினை அங்கே கழற்றி வேறு இன்ஜின் மாட்டுவார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் ஆனால் மூங்கில் கூடைகளில் உயிர் வான்கோழிகள் பார்சலுக்கு வரும். பொன்மலைக்கு, எழும்பூருக்கு, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு. எடை போட்டு, சீட்டு ஒட்டி, தண்ணீர் வைக்கச் சொல்லிப் போர்ட்டரிடம் கொடுப்பேன். பிளாட்பாரத்தில் கூடைக்குள் இருந்தபடியே அவை வாலை விரிக்கப் பார்க்கும். கூடை இடம் கொடுக்காது. வருடங்கள் போகப் போக அந்தக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. கூடைகளும் குறைந்து நின்றுபோயின.

இப்போது நம் பக்கத்தில் பண்ணைக்காரர்கள் மறுபடி வளர்க்கிறார்கள். சென்னை நந்தனத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார், நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் வெள்ளையையும் சேர்த்து ‘நந்தனம் வான்கோழி 1’ என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அன்று மலைமேல் மட்டும் இருந்த மயில் இன்று கூட்டம் கூட்டமாக மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி மேய்கிறது. விவசாயிகள் தகரத்தைத் தட்டி விரட்டுகிறார்கள்.

என்னை அப்படிக் கூப்பிட்ட ஆசிரியர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவரும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னார். 39 வருடம் இங்கிலீஷில் பார்சல் ரசீது எழுதிவிட்டு 2012இல் ரிட்டயர் ஆனேன். உச்சரிப்பு இன்றைக்கும் திண்டிவனம்தான். அந்த டிக்ஷனரி அட்டை கிழிந்து, ‘ஏ’ எழுத்துப் பக்கங்கள் போய், இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பேரன் கூப்பிடுவான். மயிலத்து மயிலையும் எங்கள் வாசலையும் பற்றி அம்மா சொன்னதை அவனுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் சொன்னால்தான் அவனுக்குப் புரியும். சொல்லிப் பார்க்கிறேன்.