மாவும் சர்க்கரையும் இல்லாத பழ அடை: சேந்தமங்கலத்து அடுப்பிலிருந்து ஒரு வரலாறு

நீரிழிவு வந்த பெரியவர் ஒருவர் இல்லாத வீடு நம் வட்டாரத்தில் இன்று அரிது. விருந்து நாளில் அவருடைய இலையின் ஓரத்தில் இனிப்பு வைக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். பரிமாறுபவர் அந்த இடத்தைத் தாண்டிச் செல்வார்; பெரியவரும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து, 2023-இல் வெளியான பேராய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று மதிப்பிட்டது. ஆகவே அந்த வெற்றிடம் இன்று பத்துக் கோடி இலைகளில் இருக்கிறது.

அந்த இடத்தை நிரப்ப மாவுச்சத்துக் குறைந்த பழப் பலகாரம் ஒன்றைச் சுட்டுத் தரலாம் என்று சொன்னால், "அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்டம், பாதாம் மாவுக்கும் பெர்ரிப் பழத்துக்கும் நாம் எங்கே போவது?" என்ற மறுமொழி வருகிறது. இந்த மறுமொழி சரிதானா என்று வரலாற்றின் துணைகொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரும்பும் நெல்லியும்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தை ஒட்டி இருப்பது சேந்தமங்கலம். காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி கடந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வல்வில் ஓரி ஆண்ட மலை. எதிர்த்திசையில் நாமக்கல் பாறையில் குடைந்த கோயில். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்குடைவரையைக் கல்வெட்டு 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று குறிக்கிறது. தகடூரை ஆண்ட அதியர் குலத்தின் பெயர் நம் ஊர்ப் பாறையில் இவ்வாறு நிலைத்து நிற்கிறது.

இனிப்பின் வரலாற்றில் இந்த அதியர் குலத்துக்குத் தனியிடம் உண்டு. வானோர் உலகத்திலிருந்து கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்பது புறநானூற்றில் ஔவையார் பாடல் தரும் செய்தி. அதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். கரும்பு என்பது வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. அதே குலத்தில் வந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு ஈந்ததோ நெல்லிக்கனி. புளிப்பும் துவர்ப்பும் முந்த, இனிப்புப் பிந்தி வரும் கனி அது. கரும்பு, நெல்லி ஆகிய இரண்டும் ஒரே குலத்தின் பெயரோடு இணைந்திருப்பது தற்செயல்தான். எனினும் இவ்வட்டாரத்தின் பிற்கால உணவு வரலாறு முழுவதும் நெல்லியை விட்டுக் கரும்பின் பக்கம் சாய்ந்த வரலாறு என்று சொல்லத் தோன்றுகிறது.

பழந்தமிழர் இனிப்பு பெரும்பாலும் தேனும் பழமுமே. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைபவை என்று கபிலர் நான்கைச் சொல்வார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இவற்றுள் பலாவும் தேனும் இனிப்பு. பலாவுக்குப் பருவம் உண்டு. தேனுக்கு மலையேற வேண்டும். இனிப்புக் கிடைப்பது அரிதாக இருந்தவரை அளவைப் பற்றிய கவலை எழவில்லை. அந்த அருமையே அளவாக அமைந்தது.

மரவள்ளி வந்த கதை

இனிப்பை மலிவாக்கியது கரும்பு என்றால், மாவை மலிவாக்கியது மரவள்ளி. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே மேற்குக் கடற்கரைக்கு வந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதனை ஏழைகளின் உணவாகப் பரப்பினார்.

சேலம் வட்டாரத்தில் அது வேறு உருவம் பெற்றது. சவ்வரிசி முன்பு மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்த சரக்கு; அங்கே ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ஜப்பான் அந்நாடுகளைக் கைப்பற்றவே வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, வடித்து, உருட்டி, வறுத்துச் சவ்வரிசி செய்யத் தொடங்கினர். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது ஆலைத் தொழிலாகி, 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அமையும் அளவுக்கு வளர்ந்தது. கொல்லிமலையிலும் சாமையும் தினையும் விளைந்த கொல்லைகள் பலவற்றை மரவள்ளி எடுத்துக்கொண்டது.

சவ்வரிசிப் பாயசம் நம் ஊர் விருந்தில் தவறாத இனிப்பு. அதனைத் தொன்றுதொட்டு வந்த மரபு என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் உள்ளூர்ச் சவ்வரிசிக்கு வயது நூறுகூட ஆகவில்லை. இதற்குள் அது மரபாகிவிட்டது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

இனிய நீரும் குறைந்த மாவும்

சிறுநீரில் எறும்பு மொய்க்கும் நோயை மதுமேகம் என்று நம் பழைய மருத்துவ நூல்கள் அறிந்திருந்தன. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 17-ஆம் நூற்றாண்டில் அந்நீரின் இனிப்பை எழுதிவைத்தார். 1776-இல் மேத்யூ டாப்சன் அந்த இனிப்பு சர்க்கரையே என்று காட்டினார். 1870-இல் பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டு உணவுப் பஞ்சம் ஏற்பட்டபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைக் கண்டார் பூஷார்தா என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1921-இல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்படும்வரை, மாவையும் சர்க்கரையையும் குறைப்பதே மருத்துவர் கையிலிருந்த பெரிய கருவி. 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. பின்னர் மருந்துகள் பெருகின. ஆயினும் உண்ணும் மாவுச்சத்தின் அளவைக் கவனிக்க வேண்டிய தேவை மட்டும் நீங்கவில்லை.

இங்கே இரு மயக்கங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். முதலாவது, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை நல்லவை, சர்க்கரை மட்டுமே தீயது என்னும் எண்ணம். பிலிக்கல்பாளையத்துச் சந்தை வெல்லமாயினும் மோகனூர் ஆலைச் சர்க்கரையாயினும் இரத்தத்தில் சேர்ந்தபின் பெரிய வேறுபாடு இல்லை. 100 கிராம் தேனில் 80 கிராமுக்குமேல் சர்க்கரைகளே. இரண்டாவது, சிறுதானியத்தில் மாவுச்சத்துக் குறைவு என்னும் எண்ணம். சாமையிலும் நூற்றுக்கு அறுபதுக்குமேல் மாவுச்சத்துத்தான். நார்ச்சத்து மிகுதி என்பது அதன் சிறப்பு. அது வேறு செய்தி.

மலைப் பழங்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. பலாச்சுளையிலும் வாழைப்பழத்திலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 23 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கொய்யாவில் 14 கிராம்; அதிலும் 5 கிராம் நார்ச்சத்து. எனவே நாம் செய்யப்போகும் அடைக்குக் கொய்யாவே பொருத்தம்.

சுடுதல் என்னும் சொல்

சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்னும் வினையிலிருந்தே அடுப்பும் அடிசிலும் பிறந்தன. 'சுடு' இன்னும் அகன்ற சொல். தணலில் கிழங்கு சுடுகிறோம். கல்லில் தோசை சுடுகிறோம். எண்ணெயில் வடையும் சுடுகிறோம். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று நாவல் மரத்திலிருந்து கேட்ட சிறுவனின் கதை இச்சொல்லின் மேல்தான் நிற்கிறது. மேலும் கீழும் வெப்பம் வைத்துச் சுடுவதற்குத் தனிச்சொல் நம்மிடம் வழங்கவில்லையே தவிர, மூடிய கலத்தின்மேல் தணல் பரப்பும் முறை நம் அடுப்புகள் அறியாததன்று.

மாவில்லாமல் சுட்ட இனிப்பு வேண்டுமென்றால் தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக் கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான் அது, மைதா இல்லை. ஈழத்து முஸ்லிம்களின் வட்டிலப்பம் முட்டையையும் தேங்காய்ப்பாலையும் வெல்லத்தோடு கலந்து ஆவியில் உறைய வைப்பது. இவ்விரண்டிலும் சர்க்கரையை நீக்கி, அந்த இடத்தில் பழத்தை வைத்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

சேந்தமங்கலத்துப் பொருள்கள்

மாவு இல்லாவிட்டால் அடையைப் பிடித்து நிறுத்துவது எது? முட்டை. சேந்தமங்கலம் இருப்பதோ நாமக்கல் மாவட்டத்தில்! 1989-இல் தமிழகச் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே கோழிப்பண்ணைகள் இம்மாவட்டத்தின் பெருந்தொழிலாகிவிட்டன. ஒரு முட்டையில் மாவுச்சத்து அரை கிராம் அளவே. பாதாமுக்கு மாற்றாகக் கடலைக்காய் இருக்கிறது. கொழுப்புக்கும் மணத்துக்கும் தேங்காய்.

இவற்றுள் கடலைக்காயும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே; வடமாவட்டங்களில் வழங்கும் மணிலாக்கொட்டை என்னும் பெயர் அது வந்த வழியைச் சொல்கிறது. கொய்யாவும் அக்கரைக் கனி. அதன் பெயரே போர்த்துக்கீசிய மொழியின் 'கொயாபா' என்பதன் திரிபு என்று கருதுவர். ஆக, 'வெள்ளைக்காரன் பண்டம்' என்று ஒதுக்குவோர் கொய்யாவையும் கடலையையும் மரவள்ளியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டியிருக்கும்.

செய்முறை

ஆறு பேருக்குச் செய்வதாகக் கொள்வோம். விதைப்பகுதி நீக்கிய கொய்யாச் சதை 300 கிராம். முக்கால் பழுத்த பழமாக இருக்கட்டும். நன்கு கனிந்ததில் இனிப்பும் நீரும் கூடிவிடும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் பிசிறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, முதலில் பழத்தை மட்டும் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம் சுட வேண்டும்.

இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது. சுடும்போது பழத்தின் நீர் வெளியேறுகிறது. நீர் குறையக் குறைய உள்ள இனிப்பும் மணமும் செறிகின்றன. ஓரங்கள் சிவந்து புதிய மணம் பிறக்கிறது. சர்க்கரையின் அளவு கூடுவதில்லை; இருப்பது நாவுக்கு நன்றாகத் தெரிகிறது, அவ்வளவே. நீர் போகாத பழத்தை முட்டையோடு சேர்த்தால் அடை நொசநொசத்துப் போகும்.

பிறகு மூன்று முட்டைகளை நுரை பொங்காமல் கலக்கி, 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த கடலை 50 கிராம், ஏலக்காய்ப் பொடி, சிறிது சுக்கு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கடலையை விட்டுவிட்டுப் பொடிக்கவும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். இக்கலவையைச் சுட்ட பழத்தின்மேல் ஊற்றி, 160 பாகையில் 30 முதல் 35 நிமிடம் வைக்கவும். தட்டை அசைத்தால் ஓரம் நின்று, நடு மட்டும் இலேசாக ஆட வேண்டும், அதுவே பதம். முட்டை 80 பாகைக்கு முன்பே உறைந்துவிடும். அடுப்பின் சூடு மிகுந்தால் இறுகி, நீர் கக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே ஒரு வளையத்தின்மேல் தட்டை வைத்து, சிறுதீயில் 45 நிமிடம் சுடலாம். மேற்புறம் சிவக்காது, சுவைக்குக் குறைவில்லை. முட்டை உண்ணாதவர்கள் துணியில் கட்டி நீர் வடித்த தயிரும் ஒரு கரண்டி இசப்கோல் உமியும் சேர்க்கலாம். அப்போது துண்டுபோட வராது. கரண்டியால் எடுத்து உண்ண வேண்டியதுதான்.

இளஞ்சூட்டில் பரிமாறுங்கள். குளிர்ந்த பண்டத்தைவிட வெதுவெதுப்பான பண்டத்தில் நாவுக்கு இனிப்பு மிகுதியாகத் தெரியும். மேலே துருவிய நெல்லிக்காய் சிறிது தூவினால், அந்தத் துவர்ப்புக்குப் பின் வரும் வாய் கொய்யாவின் இனிப்பை இரட்டிப்பாகக் காட்டும்.

கணக்கும் எச்சரிக்கையும்

நார்ச்சத்தைக் கழித்துக் கணக்கிட்டால் ஒரு பங்கில் ஏறத்தாழ 6 அல்லது 7 கிராம் மாவுச்சத்து வருகிறது. 25 கிராம் சவ்வரிசியும் அதே அளவு சர்க்கரையும் பாலும் சேர்ந்த ஒரு கிண்ணப் பாயசத்தில் இது 50 கிராமைத் தாண்டும். செயற்கை இனிப்பூட்டிகளை இங்கே சேர்க்கவில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-இல் உலக நல்வாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது. நீரிழிவு உள்ளோரை அந்த அறிவுரை உட்படுத்தவில்லை என்றாலும், நாவைக் குறைந்த இனிப்புக்குப் பழக்குவதே நீண்ட நாளைக்கு உதவும். இந்த அடையையும் அளவின்றி உண்ணலாகாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவில் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். சிறுநீரகக் குறையுள்ளோருக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. இவர்கள் தம் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

முடிவாக ஒன்று. அதியர் முன்னோர் கொணர்ந்த கரும்பு ஒருநாள் புதியது. போர்க்காலத்துச் சவ்வரிசி ஒருநாள் புதியது. கொய்யாவும் கடலையும் அவ்வாறே. நம் அடுப்புகள் வந்தவற்றை ஏற்று, தமக்கேற்ப மாற்றி, பிறகு மரபு என்று பெயரிட்டு வந்திருக்கின்றன. அந்த வேலையை இன்னொரு முறை செய்யும் தேவை இப்போது வந்திருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பின், வரும் விருந்துக்கு இந்த அடையைச் செய்யுங்கள். அவருக்கென்று தனியாக வேண்டாம். எல்லா இலையிலும் அதையே வையுங்கள்.