முதல் ஊசி யாருக்கு?

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் புகுந்தது. ஆட்சியாளர் என் செய்தனர்? சாக்கடைதோறும் கார்பாலிக் அமிலம் கொட்டினர். வீடு புகுந்து, நோயாளியை உற்றார் கையினின்று பிடுங்கிச் சென்றனர். ஏழை நோயை மறைத்தான், ஊரைவிட்டே ஓடினான். அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் ஆர்தர் சாலை மருத்துவமனையையே தாக்கினர். மூடர் என அவர்களை ஏசுவோர் உளர், நாம் ஏசோம். அவர்களிடம் எவர் விளக்கிச் சொன்னார்?

அதே நகரில், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில், ஹாஃப்கின் என்னும் அறிஞர் தடுப்பூசி கண்டார். 1897 சனவரி 10 அன்று அதை முதலில் ஏற்றுக்கொண்ட உடல் அவருடையதே! பின்னரே பைக்குல்லாச் சிறையில், இசைந்து முன்வந்த கைதிகளுக்குப் போடப்பட்டது. ஆயினும் மக்கள் அஞ்சினர். இசுமாயிலியரின் தலைவர், இளைஞரான மூன்றாம் ஆகாகான், தம்மவர் அச்சம் நீங்க அவர்கள் கண்முன் தாமே ஊசி போட்டுக்கொண்டார். மதத் தலைவர்களை நாம் புகழ்வது அரிது. இவரைப் புகழாதிருக்க இயலவில்லை.