அத்தை வீட்டில் வைத்த காப்பு

பாரிஸில் இருக்கும் எம்மவர்களுக்கு மாறே பகுதியில் உள்ள கிரெடி முனிசிப்பால் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஏஜென்சிக் கடன் கழுத்தை நெரித்த நாட்களில், ஊரிலிருந்து கொண்டுவந்த சங்கிலியையும் காப்பையும் ஈடு வைக்கப் போன இடம். நானும் அம்மாவின் ஒரு சோடிக் காப்பை அங்கே வைத்து மீட்டவன்தான்.

பிரெஞ்சுக்காரர் அதற்கு 'என்ரை அத்தை' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். லூயி பிலிப் மன்னரின் மகன் சூதாட்டக் கடனுக்காக மணிக்கூட்டை அடகு வைத்துவிட்டு, அத்தை வீட்டில் மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று தாயிடம் சொன்னாராம். கதையோ நிசமோ, பெயர் நிலைத்துவிட்டது.

இந்த அத்தை பிறந்தது இத்தாலியில். பெற்றவர்கள் யார் தெரியுமோ? காசு வாங்கக்கூடாது என்ற விதியுள்ள பிரான்சிஸ்கன் துறவிகள்!

1462 இல் பெரூஜா நகரில் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ஏழைத் தொழிலாளி அவசரத்துக்குக் கடன் வாங்கினால் நூற்றுக்கு 20, அதற்கும் மேல் வட்டி. பிச்சை கேட்க அவனுக்கு மனம் வராது; வட்டி கட்டவும் வழியில்லை. துறவிகள் பிரசங்கம் செய்தார்கள், ஊர்வலம் போனார்கள். சனங்கள் கிள்ளிக் கொடுத்த சில்லறையும் நகையும் சேர்ந்து ஒரு குவியலாகியது. 'மொந்தே தி பியெத்தா', அதாவது இரக்கத்தின் மலை, என்று அதற்குப் பெயர். அதிலிருந்து பொருளை ஈடாக வாங்கிக்கொண்டு சிறு தொகைகள் கொடுத்தார்கள்.

வட்டி வாங்குவதா விடுவதா என்று பெரிய சண்டை. ஒரு சதம்கூடப் பாவம் என்றார்கள் டொமினிக்கன் சபையார் பலர். வேலையாளுக்குச் சம்பளம், இடத்துக்கு வாடகை கொடுக்காவிட்டால் மலை கரைந்துவிடும் என்றார் பெர்னார்தினோ தா பெல்த்ரே. செலவுக்கு மட்டும் சிறு வட்டி வாங்கலாம் என்று 1515 இல் பாப்பரசர் பத்தாம் லியோ தீர்த்துவைத்தார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இதே பெர்னார்தினோ யூதர்களுக்கு எதிராகச் சனங்களைத் தூண்டியவர். வேறு தொழில்களில் யூதர்களைச் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டு, வட்டிக்குக் கொடுக்கிறான் என்று அடிக்கப் போனது என்ன நியாயம்? இன வெறுப்பால் வீடிழந்த நாங்கள் இதைக் கண்டும் காணாமல் போகேலாது.

பாரிஸுக்கு இதைக் கொண்டுவந்தவர் தெயோப்ராஸ்த் ரெனோதோ. 1631 இல் பிரான்ஸின் முதல் வாரப் பத்திரிகையைத் தொடங்கிய வைத்தியரும் இவரே. 1637 இல் அடகு நிலையம் திறந்தார். சில வருடங்களில் மூடப்பட்டது. 1777 இல் பதினாறாம் லூயி மன்னர் மீண்டும் நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைகள் வைத்தது பொன் அல்ல; மெத்தை, துணிமணி. 1918 இல்தான் இப்போதைய பெயர் வந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு விதி. மீட்க முடியாமல் பொருள் ஏலத்துக்குப் போனால், கடனும் வட்டியும் செலவும் கழித்து மிச்சக் காசை வைத்தவருக்கே கொடுக்கவேண்டும். ஊரில் ஈட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்றைக்கும் அங்கே வைக்கும் பொருட்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உரியவர் கைக்கே திரும்பிவிடுகிறது.

தவணை முடியமுன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். ஏலம் போய்விட்டது என்று மனம் விட்டு இருக்காமல், மிச்சக் காசு வந்திருக்கிறதோ என்று ஒருக்கால் போய்க் கேளுங்கோ. துண்டைக் கவனமாய் வைத்திருங்கோ.